100! கேட்டால் 0 வருகிறதா? பெரிய எண்களுக்குப் பேப்பர் கணக்கே போதும்!

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். எக்செல்லைத் திறந்து, ஏதாவது ஒரு செல்லில் 1234567890123456 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். செல்லில் எண் வேறு வடிவில் தெரியும். அந்த செல்லைக் கிளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பாரைப் பாருங்கள். 1234567890123450 என்று இருக்கும். கடைசியில் நீங்கள் அடித்த 6 எங்கே போயிற்று?

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருபவை 0 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஏடிஎம் கார்டு எண்கள் பெரும்பாலும் 16 இலக்கம். வீட்டுக் கணக்கு ஷீட்டில் அதை அப்படியே டைப் செய்து வைத்தவர்கள் இப்போதே திறந்து பார்ப்பது நல்லது. (கார்டு எண்ணை ஷீட்டில் வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.) இதுபோன்ற நீளமான எண்களை அடிக்கும் முன் அந்த செல்லின் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அப்போது எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்து வரிசையாகப் பார்க்கும். ஒரு இலக்கம்கூடக் குறையாது.

"எண்ணாக வைக்காதே, இலக்கங்களின் வரிசையாக வை." இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு யோசனையைப் பற்றியதுதான். இது தெரியாததால் எனக்குக் கை நழுவிப் போனது ஒரு வேலை.

இன்டர்வியூவில் வந்த பூஜ்யம்

2018-ல் இன்ஜினியரிங் கடைசி வருடம். கல்லூரிக்கு ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வந்திருந்தது. கல்விக் கடனுக்கு அடுத்த வருடத்திலிருந்து தவணை கட்ட வேண்டும். எனவே வீட்டில் எல்லோரும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்து லேபில் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து ஒரு புதிர் கொடுத்தார்கள்.

"100! என்ற எண்ணில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகை என்ன? சி மொழியில் எழுதுங்கள். தனி லைப்ரரி எதுவும் பயன்படுத்தக் கூடாது."

100! என்றால் 1 × 2 × 3 × ... × 100. ஃபேக்டோரியல் என்பார்கள். சுலபமான கணக்கு என்று நினைத்து ஐந்து நிமிடத்தில் புரோகிராமை எழுதி ரன் செய்தேன். விடை 0 என்று வந்தது. ஏதோ சரிதான் போலிருக்கிறது என்று அப்படியே காட்டினேன்.

எதிரே இருந்தவர் கோபப்படவில்லை. "ஒன்றிலிருந்து நூறு வரை பெருக்கினால் பூஜ்யம் எப்படித் தம்பி வரும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேலையும் கிடைக்கவில்லை.

ஏன் 0 வந்தது?

கம்ப்யூட்டர் மெமரியில் ஒரு எண்ணுக்கு அளவான இடம்தான் ஒதுக்கப்படும். சி மொழியில் சாதாரண முழு எண் வேரியபிளுக்கு இன்றைய கம்ப்யூட்டர்களில் 32 பிட் இடம். ஒரு பிட் என்பது ஒரு சுவிட்ச் மாதிரி, 0 அல்லது 1. இப்படி 32 சுவிட்ச்களை 4294967296 விதமாக வைக்கலாம். அதில் பாதி, குறை எண்களுக்குப் போய்விடும். எனவே அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647.

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துப் பாருங்கள். 99999 வந்த பிறகு இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் 00000 ஆகிவிடும். வண்டி புதிதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மீட்டரில் ஆறாவது கட்டம் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரிலும் இதேதான் நடக்கிறது. இதை ஓவர்ஃப்ளோ என்கிறார்கள்.

12! = 479001600. இது 32 பிட்டில் அடங்கும். 13! = 6227020800. இது அடங்காது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இதற்குப் பதில் 1932053504 என்று வரும். பார்த்தால் சரியான விடை போலவே இருக்கிறது அல்லவா? அதுதான் ஆபத்து.

அப்படியானால் 100!-க்கு 0 வந்தது ஏன்? 1 முதல் 100 வரை உள்ள எண்களைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் 2 என்ற காரணி மொத்தம் 97 முறை வருகிறது. 10-ஆல் பெருக்கினால் நமது எண்களில் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்வது போல, 2-ஆல் பெருக்கினால் கம்ப்யூட்டரின் பைனரி எண்ணில் கடைசியில் ஒரு பூஜ்யம் சேரும். ஆக 100! என்ற பைனரி எண்ணின் கடைசி 97 இடங்களும் பூஜ்யம். வேரியபிளில் மிஞ்சுவதோ கடைசி 32 இடங்கள் மட்டும். அத்தனையும் பூஜ்யம்தானே! 34! வந்த உடனேயே விடை 0 ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு எதைப் பெருக்கினாலும் 0-தான்.

பெரிய வேரியபிள் போட்டால் சரியாகிவிடுமா?

64 பிட் வேரியபிளும் இருக்கிறது. லாங் லாங் என்று எழுதுவோம். அதன் எல்லை 9223372036854775807, அதாவது 19 இலக்கம். 20! வரை தாங்கும். 21! வந்தால் அதுவும் நிரம்பி வழியும். 100!-க்கு இதிலும் 0-தான் வரும்.

சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 நெல்மணிகள். குறை எண்கள் இல்லாத 64 பிட் வேரியபிளின் எல்லையும் மிகச் சரியாக இதே எண்தான். 65-வது கட்டம் ஒன்று இருந்திருந்தால் கம்ப்யூட்டரும் ராஜாவைப் போலவே கையை விரித்திருக்கும்.

இது புதிர்களில் மட்டும் வரும் சிக்கல் இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட்டில் இருந்த ஒரு எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்கப் பார்த்ததுதான் காரணம். 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2147483647-ஐ நெருங்கியபோது, யூடியூப் தன் எண்ணிக்கை மீட்டரை 64 பிட்டுக்கு மாற்றியது.

அப்பாவின் கணக்கு நோட்டு

இன்டர்வியூ முடிந்து ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு மளிகைக்கடை. இரவு கடை அடைக்கும் முன் அன்றைய வரவைக் கூட்டுவார். கால்குலேட்டர் இருந்தாலும் நோட்டில்தான் கூட்டுவார். "ஏழும் எட்டும் பதினஞ்சு. அஞ்சைப் போடு, கையில ஒண்ணு..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பென்சில் கீழே இறங்கும்.

"எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும் இப்படியே கூட்டிருவீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"தொகை பெருசா இருந்தா நமக்கு என்னடா? ஒரு நேரத்துல ஒரு வரிசையைத்தானே கூட்டுறோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா ஒருபோதும் பெரிய எண்ணைக் கூட்டுவதில்லை. ஒற்றை இலக்கங்களைத்தான் கூட்டுகிறார். பேப்பரில் இடம் இருக்கும்வரை எண் எவ்வளவு நீளமாகவும் போகலாம். மூன்றாம் வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். கம்ப்யூட்டருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு இலக்கத்துக்கு ஒரு அறை

புரோகிராமிங்கில் அர்ரே என்று ஒன்று உண்டு. வரிசையாக அடுக்கிய அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு இலக்கம் வைக்கப் போகிறோம். ஒரு முக்கியமான விஷயம், எண்ணைத் தலைகீழாக வைக்க வேண்டும். ஒன்றாம் இடத்து இலக்கம் முதல் அறையில், பத்தாம் இடம் இரண்டாவது அறையில் என்று. நாம் கூட்டுவதும் பெருக்குவதும் வலது ஓரத்திலிருந்துதானே? எண் வளரும்போது புதிய இலக்கம் இடப் பக்கம் சேரும். தலைகீழாக வைத்தால் அதைக் கடைசி அறைக்கு அடுத்த காலி அறையில் போட்டுவிடலாம். ஏற்கெனவே உள்ளதை நகர்த்த வேண்டியதில்லை.

முதலில் கூட்டல். 987 + 1597. அறைகளில் 7, 8, 9 என்றும் 7, 9, 5, 1 என்றும் இருக்கும்.

7 + 7 = 14. 4 போட்டு, கையில் 1.
8 + 9 + 1 = 18. 8 போட்டு, கையில் 1.
9 + 5 + 1 = 15. 5 போட்டு, கையில் 1.
0 + 1 + 1 = 2. 2 போட்டு, கையில் 0.

அறைகளில் 4, 8, 5, 2. கடைசியிலிருந்து படித்தால் 2584. விடை சரி.

இனி பெருக்கல். 7! = 5040. இதை 8-ஆல் பெருக்கி 8! கண்டுபிடிப்போம். அறைகளில் 0, 4, 0, 5.

0 × 8 = 0. 0 போட்டு, கையில் 0.
4 × 8 = 32. 2 போட்டு, கையில் 3.
0 × 8 + 3 = 3. 3 போட்டு, கையில் 0.
5 × 8 = 40. 0 போட்டு, கையில் 4.
கையில் உள்ள 4-க்கு ஒரு புதிய அறை.

இப்போது 0, 2, 3, 0, 4. திருப்பிப் படித்தால் 40320. கவனியுங்கள், 8-ஆல் பெருக்கினாலும் 97-ஆல் பெருக்கினாலும் முறை இதேதான். 97-ஐ இலக்கமாகப் பிரிக்க வேண்டியதில்லை. கையில் நிற்கும் எண் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவே. 100-ஆல் பெருக்கும்போதுகூட ஒரு அறையில் வரும் கணக்கு 999-ஐத் தாண்டாது. கம்ப்யூட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

100!-க்கான முழு வழிமுறை

எந்த மொழியில் எழுதினாலும் படிகள் இவைதான்.

1. 200 அறைகள் கொண்ட ஒரு அர்ரே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அறையிலும் 0 போடுங்கள். (ஏன் 200? நூறு தடவை 100-ஐப் பெருக்கினால் 1-க்குப் பின் 200 பூஜ்யங்கள் வரும். 100! அதைவிடச் சிறியது. எனவே 200 இலக்கம் தாராளம்.)
2. முதல் அறையில் 1 போடுங்கள். நீளம் = 1.
3. பெருக்கும் எண் 2-லிருந்து 100 வரை ஒவ்வொன்றாக மாறும்படி ஒரு லூப் எழுதுங்கள். அதற்குள் 4, 5, 6 ஆகிய படிகள் வர வேண்டும்.
4. கை = 0.
5. முதல் அறையிலிருந்து நீளம் வரை ஒவ்வொரு அறைக்கும்: அறையில் உள்ளதைப் பெருக்கும் எண்ணால் பெருக்கி, கையில் உள்ளதைக் கூட்டுங்கள். வந்ததைப் 10-ஆல் வகுங்கள். மீதியை அறையில் போடுங்கள். ஈவைக் கையில் வையுங்கள்.
6. கை 0 ஆகும்வரை: கையில் உள்ளதைப் 10-ஆல் வகுத்து, மீதியை அடுத்த புதிய அறையில் போடுங்கள். ஈவைத் திரும்பக் கையில் வையுங்கள். நீளத்தை 1 கூட்டுங்கள்.
7. லூப் முடிந்ததும் எல்லா அறைகளையும் கூட்டுங்கள். அதுதான் விடை.

சி, ஜாவா போன்ற மொழிகளில் முதல் அறையின் எண் 0 என்பதை மறந்துவிடாதீர்கள்.

விடை 648. மொத்தம் பதினாறாயிரத்துக்கும் குறைவான சின்னப் பெருக்கல்கள். என்டர் தட்டிக் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

விடை சரிதானா? பார்ப்பது எப்படி?

இன்டர்வியூவில் நான் செய்த உண்மையான தப்பு 0 வந்தது அல்ல. வந்ததைச் சரிபார்க்காமல் காட்டியதுதான். இப்போது மூன்று விதமாகச் சரிபார்க்கலாம்.

முதலாவது, விண்டோஸ் கால்குலேட்டரை சயின்டிஃபிக் முறையில் வைத்து, 100 அடித்து, ஃபேக்டோரியல் பட்டனைத் தட்டுங்கள். 9.3326 என்று தொடங்கி, முடிவில் 157 என்ற அடுக்கு வரும். முதல் இலக்கத்துக்குப் பின் 157 இலக்கங்கள் என்று பொருள். ஆக மொத்தம் 158. உங்கள் புரோகிராமில் நீளம் 158 ஆகவும், கடைசி அறைகள் 9, 3, 3, 2, 6 ஆகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணின் முடிவில் வரும் பூஜ்யங்கள். 100-க்குள் 5-ன் மடங்குகள் 20. அதில் 25-ன் மடங்குகளான 4 எண்கள் இன்னொரு 5 தரும். மொத்தம் 24. அதாவது முதல் 24 அறைகளில் 0 இருக்க வேண்டும்.

மூன்றாவது, 100!-ல் 9 ஒரு காரணி. 9-ஆல் வகுபடும் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் 9-ஆல் வகுபடும். 648 = 72 × 9. சரியாக இருக்கிறது.

அடிக்கடி செய்யும் தவறுகள்

கையில் மிஞ்சியதை ஒரே அறையில் போடுவது: 9-ஐ 25-ஆல் பெருக்கினால் 225. 5 போட்டு, கையில் 22. இந்த 22-ஐ ஒரே அறையில் போட்டால் கணக்கு கெட்டுவிடும். 2, 2 என்று இரண்டு அறைகள் வேண்டும். அதனால்தான் 6-வது படியில் "கை 0 ஆகும்வரை" என்று லூப் போட்டிருக்கிறோம்.

எழுத்தையும் எண்ணையும் குழப்புவது: 50 இலக்க எண்ணை கீபோர்டில் வாங்கும்போது எண்ணாக வாங்க முடியாது, ஸ்டிரிங்காகத்தான் வாங்க வேண்டும். ஸ்டிரிங்கில் 7 என்ற எழுத்து மெமரியில் 55 என்றுதான் இருக்கும். 0 என்ற எழுத்து 48. எனவே ஒவ்வொரு எழுத்திலிருந்தும் 48-ஐக் கழித்துவிட்டு அறையில் போடுங்கள்.

நடுவில் பூஜ்யத்தைத் தொலைப்பது: வேகத்துக்காக ஒரு அறையில் ஒரு இலக்கத்துக்குப் பதில் நான்கு இலக்கம் வைக்கலாம். 10-க்குப் பதில் 10000-ஆல் வகுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதேதான். 13!-ஐ இப்படி வைத்தால் அறைகளில் 800, 2702, 62 என்று இருக்கும். அப்படியே பிரின்ட் செய்தால் 622702800 என்று ஒரு இலக்கம் குறைந்து வரும். முதலில் பிரின்ட் ஆகும் அறையைத் தவிர மற்றவற்றை நான்கு இலக்கமாகவே, அதாவது 0800 என்று பிரின்ட் செய்ய வேண்டும். இலக்கங்களைக் கூட்டும்போதும் ஒவ்வொரு அறையையும் பிரித்துத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டும் பெரிய எண்களாக இருந்தால்?

அதுவும் பள்ளிக்கூடக் கணக்குதான். 23 × 45-ஐப் பாருங்கள். ஒன்றாம் இடத்துக்கு 3 × 5 = 15. பத்தாம் இடத்துக்கு 2 × 5-ம் 3 × 4-ம் சேர்ந்து 22. நூறாம் இடத்துக்கு 2 × 4 = 8. இவற்றை அறைகளில் போட்டுவிட்டு, கடைசியில் ஒரே தடவையாகக் கைக்கணக்கைத் தள்ளிக்கொண்டு போங்கள். 15-ல் 5, கை 1. 23-ல் 3, கை 2. 10-ல் 0, கை 1. விடை 1035.

ஆனால் இரண்டு 1000 இலக்க எண்களை இப்படிப் பெருக்க 10 லட்சம் ஒற்றை இலக்கப் பெருக்கல்கள் வேண்டும். 1960-ல் கரட்சுபா என்ற ரஷ்ய இளைஞர், எண்ணை இரண்டாகப் பிளந்து நான்கு பெருக்கல்களுக்குப் பதில் மூன்றே பெருக்கல்களில் முடிக்கலாம் என்று கண்டுபிடித்தார். மிக நீளமான எண்களில் இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடைசி இலக்கங்கள் மட்டும் போதும் என்றால்?

சில புதிர்களில் முழு எண்ணையும் கேட்க மாட்டார்கள். "2-ஐ ஆயிரம் முறை பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி 10 இலக்கங்கள் என்ன?" என்பார்கள். அதற்கு அர்ரேயே தேவையில்லை. 1-ல் தொடங்கி 2-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி 10 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். மேலே உள்ள இலக்கங்கள் கீழே உள்ளவற்றை ஒருபோதும் பாதிக்காது. 64 பிட் வேரியபிள் ஒன்று போதும். விடை 5668069376.

பைத்தான் இருக்கும்போது இது எதற்கு?

நல்ல கேள்வி. பைத்தானில் எண் எவ்வளவு பெரிதானாலும் தானே பார்த்துக்கொள்ளும். ஜாவாவில் பிக்இன்டிஜர் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமானால் தாராளமாக அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் அவற்றின் உள்ளேயும் நடப்பது இதுதான். பைத்தான் ஒரு அறைக்கு 30 பிட் என்று பிரித்து வைத்துக்கொண்டு நம் கைக்கணக்கையே போடுகிறது. உள்ளே நடப்பது தெரிந்தால், 0 வரும்போது எங்கே தப்பு என்று உடனே பிடிபடும்.

ஆறு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில், இரண்டு 50 இலக்க எண்களைக் கூட்டச் சொன்னார்கள். இந்த முறை கீபோர்டைத் தொடும் முன் பேப்பர் எடுத்து, 987-ஐயும் 1597-ஐயும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பிறகுதான் டைப் செய்தேன். அந்த வேலையில்தான் கல்விக் கடன் அடைந்தது.

உங்களுக்கு இரண்டு புதிர்கள்

1. 2-ஐ ஆயிரம் முறை பெருக்கி வரும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்.
2. 1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி வரிசையில், 1000 இலக்கம் கொண்ட முதல் எண் எத்தனையாவது?

முதலாவதற்கு விடை 1366, அந்த எண்ணுக்கு 302 இலக்கங்கள். இரண்டாவதற்கு விடை 4782. விடையைச் சொல்லிவிட்டேனே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் புரோகிராமில் அதே விடை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பதற வேண்டாம். 5040-ஐ 8-ஆல் பெருக்கும் கணக்கைப் பேப்பரில் எழுதிக்கொண்டு, புரோகிராமில் ஒவ்வொரு அறையையும் பிரின்ட் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த அறையில் மாறுகிறதோ அங்கேதான் தப்பு இருக்கும்.